கார்லோ அசேலியோ சியாம்பி

கார்லோ அசேலியோ சியாம்பி (டிசம்பர் 9, 1920 – செப்டம்பர் 16, 2016) இத்தாலி நாட்டைச் சேர்ந்த வங்கியாளரும் அரசியல் தலைவரும் ஆவார். இத்தாலியின் மைய வங்கியான இத்தாலிய வங்கியில் 1946 முதல் 1993 வரை 47 ஆண்டுகள் பணியாற்றிய இவர், அவற்றுள் இறுதிப் பதினான்கு ஆண்டுகள் அதன் ஆளுநராக இருந்தார். பின்னர் நாட்டின் பிரதமராகவும் (1993–1994), கருவூல அமைச்சராகவும் (1996–1999), பத்தாவது குடியரசுத் தலைவராகவும் (1999–2006) பதவி வகித்தார்.

சியாம்பி பொதுமக்கள் வாக்களிக்கும் தேர்தல் எதிலும் போட்டியிட்டவர் அல்லர். இத்தாலியக் குடியரசில் நாடாளுமன்ற உறுப்பினராக இல்லாமலேயே பிரதமர் பதவியை ஏற்ற முதல் நபர் இவரே. இத்தாலிய நாணயமான லீராவைக் காப்பதில் 1992 ஆம் ஆண்டு தோல்வி கண்ட அதே மனிதர், ஆறு ஆண்டுகளுக்குப் பின் இத்தாலியை யூரோ நாணய ஒன்றியத்தில் சேர்ப்பதில் முதன்மைப் பங்கு வகித்தார்.

இளமைக் காலமும் கல்வியும்

சியாம்பி இத்தாலியின் தசுக்கானிப் பகுதியில் உள்ள துறைமுக நகரான லிவோர்னோவில் பிறந்தார். இவரது குடும்பத்தினர் அந்நகரில் மூக்குக் கண்ணாடிக் கடை நடத்தி வந்தனர். இயேசு சபையினர் நடத்திய பள்ளியில் கல்வி கற்ற பின்னர், பீசா நகரில் உள்ள புகழ்பெற்ற உயர்கல்வி நிறுவனமான ஸ்கூலா நோர்மாலே சுப்பீரியோரேயில் சேர்ந்தார்.

பிற்காலத்தில் வங்கியாளராகப் பெயர் பெற்ற இவர் பொருளியல் பட்டம் பெற்றவர் அல்லர் என்பது குறிப்பிடத்தக்கது. 1941 ஆம் ஆண்டு இவர் பெற்ற பட்டம் பண்டைய கிரேக்க இலக்கியத்தில் ஆகும். பட்டத்திற்காக இவர் ஆய்ந்தது, ஃபவோரினசு என்னும் பண்டைய அறிஞர் நாடுகடத்தப்படுதலைப் பற்றி எழுதிய நூலாகும். பீசாவில் இவருக்கு ஆசிரியராக இருந்த மெய்யியலாளர் குய்தோ கலோஜெரோ, பாசிச ஆட்சியை எதிர்த்தவர். தனிமனித உரிமையையும் சமூக நீதியையும் இணைக்க முயன்ற "தாராளவாத சோசலிசம்" என்னும் கருத்தை வளர்த்தவர். இவரது தாக்கம் சியாம்பியின் வாழ்நாள் முழுவதும் இருந்தது.

போர்க்காலம்

1941 ஆம் ஆண்டு சியாம்பி படைத்துறைக்கு அழைக்கப்பட்டு, அலுவலராக அல்பேனியாவில் பணியாற்றினார். செப்டம்பர் 8, 1943 அன்று இத்தாலி நேச நாடுகளுடன் போர்நிறுத்தம் செய்துகொண்டது அறிவிக்கப்பட்டது. அடுத்து என்ன செய்வது என்பது பற்றிய தெளிவான ஆணைகள் எவையும் இல்லாமல் இத்தாலியப் படை சிதறியது. ஜெர்மானியப் படைகள் நாட்டின் வட, நடுப் பகுதிகளைக் கைப்பற்றின. முசோலினியின் தலைமையில் அங்கு அமைந்த புதிய பாசிச அரசின் படையில் சேர மறுத்த சியாம்பி, அப்ருத்சோ மலைப் பகுதியில் உள்ள ஸ்கான்னோ என்னும் ஊரில் மறைந்து வாழ்ந்தார். யூதரான நண்பர் ஒருவரும் அங்கு இவருடன் ஒளிந்திருந்தார். 1944 மார்ச்சில், பனி மூடிய மயெல்லா மலைத்தொடரை நடந்தே கடந்து நேச நாட்டுப் படைகள் இருந்த பகுதியை அடைந்தார்.

இக்காலத்தில் கலோஜெரோவும் பிறரும் தோற்றுவித்த செயல் கட்சியில் உறுப்பினரானார். அக்கட்சி 1947 ஆம் ஆண்டு கலைந்தது. அதன் பின் சியாம்பி எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

இத்தாலிய வங்கியில் பணி

போர் முடிந்தபின் சியாம்பி லிவோர்னோவில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே சட்டம் பயின்றார். சமயச் சிறுபான்மையினரின் உரிமைகள் பற்றிய ஆய்வுடன் 1946 இல் சட்டத்தில் பட்டம் பெற்றார். அதே ஆண்டு பிராங்கா பில்லா என்பவரை மணந்தார். ஆசிரியராகவே இருந்துவிட விரும்பிய இவர், மனைவியின் ஊக்கத்தினாலேயே இத்தாலிய வங்கியின் போட்டித் தேர்வை எழுதினார் எனப்படுகின்றது. தேர்வில் வெற்றி பெற்று 1946 இல் வங்கிப் பணியில் சேர்ந்தார். பணியாளர் என்ற முறையில் இடதுசாரித் தொழிற்சங்கக் கூட்டமைப்பிலும் உறுப்பினராக இருந்தார்.

இத்தாலிய வங்கி 1893 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அக்காலத்தில் நாணய வெளியீடு, வட்டி வீதக் கொள்கை ஆகியவற்றுடன் பிற வங்கிகளை மேற்பார்வையிடும் பொறுப்பும் அதற்கு இருந்தது. கட்சிகளின் செல்வாக்கு ஏறத்தாழ எல்லா அரசு நிறுவனங்களிலும் பரவியிருந்த இத்தாலியில், தேர்வின் மூலம் ஆள் சேர்த்து, உள்ளிருந்தே உயர் அலுவலர்களை உருவாக்கிய இவ்வங்கி தனி மதிப்புப் பெற்றிருந்தது. சியாம்பியின் பிற்கால அரசியல் வாழ்வை விளங்கிக்கொள்ள இது இன்றியமையாதது.

தொடக்க ஆண்டுகளில் இவர் மாச்செராத்தா உள்ளிட்ட கிளைகளில் நிருவாகப் பணியிலும் வங்கி ஆய்வுப் பணியிலும் ஈடுபட்டார். 1960 இல் உரோமில் உள்ள தலைமையகத்தின் ஆய்வுத் துறைக்கு மாற்றப்பட்டார். 1970 இல் அத்துறையின் தலைவராகவும், 1973 இல் வங்கியின் பொதுச் செயலராகவும், 1978 இல் பணிப்பாளர் நாயகமாகவும் உயர்ந்தார்.

ஆளுநர் பதவி (1979–1993)

1979 ஆம் ஆண்டின் நெருக்கடி

சியாம்பி ஆளுநரானது இயல்பான பதவி உயர்வினால் அன்று. 1979 மார்ச்சில், வங்கி மேற்பார்வை தொடர்பான ஒரு வழக்கில், அப்போதைய ஆளுநர் பவோலோ பாஃபி மீது குற்றம் சாட்டப்பட்டது. மேற்பார்வைக்குப் பொறுப்பான மாரியோ சார்ச்சினெல்லி கைது செய்யப்பட்டார். பாஃபி முதுமையின் காரணமாகவே சிறைக்கு அனுப்பப்படவில்லை. முறைகேடான வங்கிகள் மீது கடுமை காட்டியதற்கான பழிவாங்கலாகவே இந்நடவடிக்கை பரவலாகக் கருதப்பட்டது. 1981 இல் இருவரும் குற்றமற்றவர்கள் என முடிவாயிற்று. ஆயினும் அதற்கு முன்னரே பாஃபி பதவி விலகிவிட்டார். 1979 ஜூலையில், மிக்கேலே சிந்தோனா என்பவரின் வங்கியை மூடும் பணியில் ஈடுபட்டிருந்த வழக்கறிஞர் ஜார்ஜோ அம்புரோசோலி மிலான் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிந்தோனாவே இக்கொலையைச் செய்வித்தவர் எனப் பின்னர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தகைய சூழலில் 1979 அக்டோபரில் சியாம்பி ஆளுநராகப் பொறுப்பேற்றார். வங்கியின் மதிப்பையும் பணியாளர்களின் மன உறுதியையும் மீட்பது இவரது முதற் கடமையாயிற்று.

அம்புரோசியானோ வங்கியின் வீழ்ச்சி

1982 இல், இத்தாலியின் பெரிய தனியார் வங்கியான பாங்கோ அம்புரோசியானோ வீழ்ந்தது. வெளிநாடுகளில் இருந்த அதன் துணை நிறுவனங்களின் வழியாக 100 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை திரும்பப் பெற இயலாத கடனாகியிருந்தது. அதன் தலைவர் ரொபெர்த்தோ கால்வி, ஜூன் 18, 1982 அன்று இலண்டனில் உள்ள பிளாக்பிரையர்சு பாலத்தின் கீழ் பிணமாகத் தொங்கக் காணப்பட்டார். வத்திக்கானின் நிதி நிறுவனத்துக்கும் இவ்வங்கியுடன் தொடர்பு இருந்தது.

சியாம்பியும் கருவூல அமைச்சர் பெனியாமினோ அந்திரெயாத்தாவும் பழைய வங்கியைக் கலைத்து, பிற வங்கிகளின் கூட்டு முதலீட்டில் புதிய வங்கியொன்றை உருவாக்கினர். இத்தாலியில் பணம் போட்டிருந்தவர்கள் காப்பாற்றப்பட்டனர். பங்குதாரர்கள் தம் முதலீட்டை இழந்தனர். வத்திக்கானின் நிதி நிறுவனம், சட்டப் பொறுப்பை ஏற்காமல், 1984 இல் சுமார் 24 கோடி டாலரைக் கடன் கொடுத்தோருக்கு வழங்கியது.

கருவூலத்துடன் "மணமுறிவு"

1981 வரை, அரசு கடன் பத்திரங்களை ஏலத்தில் விடும்போது விற்காமல் எஞ்சியவற்றை இத்தாலிய வங்கியே வாங்கி வந்தது. அதாவது, அரசின் பற்றாக்குறையை ஈடுசெய்யப் புதிய பணம் உருவாக்கப்பட்டது. இதனால் பணவீக்கம் பெருகியது. 1980 இல் அது 20 விழுக்காட்டைத் தாண்டியது.

1981 பிப்ரவரியில் அமைச்சர் அந்திரெயாத்தா இக்கடமையிலிருந்து வங்கியை விடுவிக்க விரும்புவதாகச் சியாம்பிக்குக் கடிதம் எழுதினார். சியாம்பி உடன்பட்டார். புதிய சட்டம் எதுவும் இயற்றப்படாமல், இருவருக்கும் இடையிலான கடிதப் போக்குவரத்தின் மூலமே நடைபெற்ற இம்மாற்றம், அவ்வாண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. இத்தாலியப் பொருளியல் வரலாற்றில் இது "மணமுறிவு" என அழைக்கப்படுகின்றது.

இதன் விளைவுகள் இரண்டு வகையாக அமைந்தன. பணவீக்கம் படிப்படியாகக் குறைந்து 1987 இல் 5 விழுக்காட்டை ஒட்டி வந்தது. மறுபுறம், அரசு இனிச் சந்தை கேட்கும் வட்டியைக் கொடுத்தே கடன் வாங்க வேண்டியிருந்தது. வட்டி உயர்ந்தால் அரசுகள் செலவைக் கட்டுப்படுத்தும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. அடுத்தடுத்து வந்த கூட்டணி அரசுகள் பற்றாக்குறையைத் தொடர்ந்தன. 1980களின் தொடக்கத்தில் உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 60 விழுக்காடாக இருந்த பொதுக்கடன், 1992 இல் 100 விழுக்காட்டைத் தாண்டியது. கடன் பெருகியதற்கு "மணமுறிவு" காரணமா, செலவைக் கட்டுப்படுத்தாத அரசுகள் காரணமா என்பது இத்தாலியில் நீண்டகாலமாக விவாதிக்கப்படும் வினா ஆகும்.

1992 லீரா நெருக்கடி

ஐரோப்பிய நாணய முறைமையில் உறுப்பு நாடுகளின் நாணயங்கள் ஒன்றுக்கொன்று குறிப்பிட்ட எல்லைக்குள் மட்டுமே ஏறி இறங்க வேண்டும். 1990 ஜனவரியில் இத்தாலி, தனக்கு அளிக்கப்பட்டிருந்த 6 விழுக்காட்டு எல்லையைக் கைவிட்டு, ஏனைய பெரும்பாலான நாடுகள் பின்பற்றிய 2.25 விழுக்காட்டுக் குறுகிய எல்லையை ஏற்றது. ஆனால் இத்தாலியில் விலைவாசி ஜெர்மனியை விட விரைவாக உயர்ந்து வந்தது. நாணய மாற்று வீதம் மாறாமல் விலை மட்டும் உயர்ந்ததால் இத்தாலியப் பொருட்கள் வெளிச்சந்தையில் போட்டியிட இயலாத நிலை உருவாயிற்று. இரு ஜெர்மனிகளும் இணைந்த பின் ஜெர்மானிய மைய வங்கி வட்டியை உயர்த்தியது. 1992 ஜூனில் மாசுட்ரிச்ட் உடன்படிக்கையை டென்மார்க்கு மக்கள் வாக்கெடுப்பில் நிராகரித்தனர். லீராவின் மீது விற்பனை நெருக்குதல் கடுமையாயிற்று.

சியாம்பி லீராவைக் காக்க வங்கியின் அந்நியச் செலாவணிக் கையிருப்பைப் பெருமளவில் செலவிட்டார். செப்டம்பரில் வங்கியின் கழிவு வட்டி வீதத்தை 15 விழுக்காட்டுக்கு உயர்த்தினார். எதுவும் பயன் தரவில்லை. செப்டம்பர் 13 அன்று லீராவின் மதிப்பு 7 விழுக்காடு குறைக்கப்பட்டது. செப்டம்பர் 17 அன்று லீரா அம்முறைமையிலிருந்தே வெளியேறியது. பிரித்தானியப் பவுண்டும் அதே வேளையில் வெளியேறியது.

கையிருப்பைச் செலவிட்டு இழப்பை உண்டாக்கினார் என்ற குறைகூறல் சியாம்பி மீது எழுந்தது. அரசின் நிதிநிலை சீராகாமல் மைய வங்கி மட்டும் நாணயத்தைக் காப்பாற்ற முடியாது என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

பிரதமர் (1993–1994)

1992 பிப்ரவரியில் மிலானில் தொடங்கிய கையூட்டு விசாரணைகள், அரை நூற்றாண்டாக நாட்டை ஆண்டுவந்த கட்சிகளை நிலைகுலையச் செய்தன. கிறித்தவ சனநாயகக் கட்சி, சோசலிசக் கட்சி ஆகியவற்றின் தலைவர்கள் பலர் விசாரணைக்கு உள்ளாயினர். அதே ஆண்டு மாஃபியாவை எதிர்த்த நீதிபதிகள் ஜொவான்னி ஃபல்கோனே, பவோலோ போர்செல்லினோ ஆகியோர் குண்டுவைத்துக் கொல்லப்பட்டனர். 1993 ஏப்ரலில் நடந்த பொது வாக்கெடுப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேலான வாக்காளர்கள் தேர்தல் முறையை மாற்ற ஆதரவளித்தனர். பிரதமர் ஜூலியானோ அமாத்தோ பதவி விலகினார்.

கட்சிகளில் எவரும் நம்பிக்கைக்கு உரியவராகத் தோன்றாத நிலையில், குடியரசுத் தலைவர் ஒஸ்கார் லூயிஜி ஸ்கால்ஃபரோ சியாம்பியை அழைத்தார். ஏப்ரல் 29, 1993 அன்று சியாம்பி பிரதமராகப் பொறுப்பேற்றார். முன்னாள் பொதுவுடைமைக் கட்சியின் வழித்தோன்றலான இடது சனநாயகக் கட்சியினரும் பசுமைக் கட்சியினர் ஒருவரும் அமைச்சரவையில் இடம்பெற்றனர். ஆனால் அன்றைய தினமே, சோசலிசத் தலைவர் பெத்தினோ கிராக்சி மீது வழக்குத் தொடர்வதற்கான அனுமதிகள் சிலவற்றைக் கீழவை மறுத்ததனால், அவர்கள் சில மணி நேரத்தில் பதவி விலகினர். சியாம்பி அவ்விடங்களை நிரப்பி ஆட்சியைத் தொடர்ந்தார்.

இவ்வரசு ஓராண்டே நீடித்தது. அதன் முக்கியப் பணிகள் பின்வருமாறு:

- ஊதிய உடன்பாடு: 1993 ஜூலையில் அரசு, தொழிற்சங்கங்கள், தொழிலதிபர்கள் ஆகிய முத்தரப்பும் உடன்பாடு கண்டன. விலைவாசி உயர்வுக்கேற்ப ஊதியம் தானாக உயரும் முறை 1992 இல் கைவிடப்பட்டிருந்தது. அதற்கு மாற்றாக, அரசு முன்கூட்டி அறிவிக்கும் பணவீக்க இலக்கை அடிப்படையாகக் கொண்டு, துறைவாரியாகவும் நிறுவனவாரியாகவும் இரு படிநிலைகளில் ஊதியம் பேசி முடிவு செய்யப்பட வேண்டும் என வகுக்கப்பட்டது. நாணய மதிப்புக் குறைப்பினால் எழக்கூடிய விலை ஏற்றம் இதனால் தடுக்கப்பட்டது.
- தேர்தல் சட்டம்: 1993 ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதிய தேர்தல் சட்டங்களை நிறைவேற்றியது. இதன்படி நான்கில் மூன்று பங்கு இடங்கள் தனித்தொகுதிகளிலும், எஞ்சியவை விகிதாசார முறையிலும் நிரப்பப்பட்டன.
- தனியார்மயமாக்கம்: கிரெடித்தோ இத்தாலியானோ, பாங்கா கொமர்ச்சாலே இத்தாலியானா ஆகிய அரசு சார்ந்த பெரிய வங்கிகளின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன.

ஜூலை 27, 1993 இரவு மிலானிலும் உரோமிலும் குண்டுகள் வெடித்தன. மிலானில் ஐவர் உயிரிழந்தனர். அதே இரவில் பிரதமர் அலுவலகத்தின் தொலைபேசி இணைப்புகள் சில மணி நேரம் துண்டிக்கப்பட்டிருந்தன. அன்றிரவு அரசைக் கவிழ்க்கும் முயற்சி நடைபெறுவதாகத் தாம் அஞ்சியதாகச் சியாம்பி பிற்காலத்தில் கூறியுள்ளார். குண்டுவெடிப்புகள் மாஃபியாவினரால் நடத்தப்பட்டவை என நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன.

1994 மார்ச் தேர்தலில் சியாம்பி போட்டியிடவில்லை. அத்தேர்தலில் வென்ற சில்வியோ பெர்லுஸ்கோனி மே மாதத்தில் பிரதமரானார்.

கருவூல அமைச்சரும் யூரோவும் (1996–1999)

1996 மே மாதத்தில் பிரதமரான ரொமானோ புரோதி, கருவூலம், வரவு செலவுத் திட்டம் ஆகிய பொறுப்புகளைச் சியாம்பியிடம் ஒப்படைத்தார். அப்போது இவருக்கு வயது 75.

யூரோ நாணய ஒன்றியத்தில் சேர விரும்பும் நாடு, ஆண்டுப் பற்றாக்குறையை உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என மாசுட்ரிச்ட் உடன்படிக்கை விதித்திருந்தது. 1997 ஆம் ஆண்டின் கணக்கே இதற்கு அடிப்படையாகும். 1996 இல் இத்தாலியின் பற்றாக்குறை சுமார் 7 விழுக்காடு. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும், இத்தாலி முதல் அணியில் சேரக்கூடாது என்ற கருத்து வலுவாக இருந்தது.

1996 நவம்பரில் லீரா மீண்டும் ஐரோப்பிய நாணய முறைமையில் சேர்ந்தது. பிரசெல்சில் நடந்த கடும் பேச்சுவார்த்தைக்குப் பின், ஒரு ஜெர்மானிய மார்க்கு 990 லீரா என மைய வீதம் முடிவாயிற்று. செலவுக் குறைப்புடன், "ஐரோப்பாவிற்கான வரி" என்னும் ஒருமுறை வரியும் மக்கள் மீது விதிக்கப்பட்டது. அதில் 60 விழுக்காடு பின்னர் திருப்பித் தரப்பட்டது.

ஆயினும் பற்றாக்குறை குறைந்ததற்கு வரியும் செலவுக் குறைப்பும் மட்டும் காரணம் அல்ல. வட்டி வீழ்ச்சியும் பெரும் பங்கு வகித்தது. இத்தாலியின் கடன் மிகப் பெரிது. ஆகவே வட்டி வீதம் சிறிது குறைந்தாலும் அரசுக்குப் பெருந்தொகை மிஞ்சும். இத்தாலி யூரோவில் சேரும் என்று சந்தை நம்பினால் வட்டி குறையும். வட்டி குறைந்தால் பற்றாக்குறை குறையும். பற்றாக்குறை குறைந்தால் இத்தாலி உண்மையிலேயே யூரோவில் சேர முடியும். இந்தச் சுழற்சியைத் தொடங்கி வைக்க, சொன்னதைச் செய்வார் என்று பிற நாட்டு நிதியமைச்சர்களும் மைய வங்கியாளர்களும் நம்பக்கூடிய ஒருவர் தேவைப்பட்டார். பதினான்கு ஆண்டுகள் ஆளுநராக இருந்து அவர்களுள் பலரை நேரில் அறிந்திருந்த சியாம்பியால் அந்நம்பிக்கையைப் பெற முடிந்தது. 1995 இல் பத்தாண்டு இத்தாலியப் பத்திரங்களின் வட்டி ஜெர்மானியப் பத்திரங்களின் வட்டியை விட 5 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கும் மேல் கூடுதலாக இருந்தது. 1998 இல் இவ்வேறுபாடு அரைப் புள்ளிக்கும் கீழே வந்தது.

1997 ஆம் ஆண்டின் பற்றாக்குறை 2.7 விழுக்காடாக அமைந்தது. 1998 மே மாதத் தொடக்கத்தில், யூரோவைத் தொடங்கும் 11 நாடுகளுள் ஒன்றாக இத்தாலி ஏற்கப்பட்டது. ஒரு யூரோவுக்கு 1936.27 லீரா என்ற நிலையான வீதத்துடன் ஜனவரி 1, 1999 அன்று புதிய நாணயம் பிறந்தது. மாசிமோ தலேமாவின் அரசிலும் சியாம்பி அமைச்சராகத் தொடர்ந்தார்.

குடியரசுத் தலைவர் (1999–2006)

இத்தாலியில் குடியரசுத் தலைவரை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் வட்டாரங்களின் பேராளர்களும் தேர்ந்தெடுக்கின்றனர். முதல் மூன்று சுற்றுகளில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவை. இதனால் தேர்தல் பல சுற்றுகள் நீள்வது வழமை. மே 13, 1999 அன்று சியாம்பி, ஆளும் அணி, எதிரணி ஆகிய இரண்டின் ஆதரவுடன் முதல் சுற்றிலேயே 707 வாக்குகள் பெற்றுத் தேர்வானார்.

பதவிக் காலத்தில் நாட்டின் எல்லா மாகாணங்களுக்கும் சென்று வந்தார். தேசியக் கொடி, நாட்டுப்பண் ஆகியவற்றுக்கு மீண்டும் மதிப்பைத் தேடித் தந்தார். பாசிச ஆட்சி தேசியச் சின்னங்களைத் தனதாக்கிக் கொண்டிருந்ததால், போருக்குப் பின் பலர் நாட்டுப்பற்றைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தயங்கினர். நாட்டுப்பற்றைக் குடியரசுடனும் ஐரோப்பிய ஒற்றுமையுடனும் இணைத்துப் பேசினார் சியாம்பி. 1977 இல் ஜூன் மாத முதல் ஞாயிறுக்கு மாற்றப்பட்டிருந்த குடியரசு நாள், இவரது முயற்சியால் 2001 முதல் மீண்டும் ஜூன் 2 அன்று பொது விடுமுறையாயிற்று.

2001 மார்ச்சில் கிரேக்கத் தீவான கெஃபலோனியாவுக்குச் சென்று, 1943 செப்டம்பரில் ஜெர்மானியரிடம் படைக்கலங்களை ஒப்படைக்க மறுத்ததால் கொல்லப்பட்ட இத்தாலியப் படையினருக்கு அஞ்சலி செலுத்தினார். அதே செப்டம்பரில் தாமும் படை அலுவலராக இருந்த இவருக்கு, அந்நிகழ்வு இத்தாலியர் தம் விருப்பத்தின்படி நாட்டுக்காக எடுத்த முதல் முடிவுகளுள் ஒன்றாகத் தோன்றியது.

2001 முதல் மீண்டும் பிரதமராக இருந்த பெர்லுஸ்கோனியின் அரசுடன் சில வேளைகளில் முரண்பட்டார். ஊடகப் பன்மைக்குப் போதிய பாதுகாப்பு இல்லை எனக் கருதி, ஒளிபரப்புத் துறை பற்றிய சட்டத்தை 2003 டிசம்பரில் ஒப்பமிடாமல் நாடாளுமன்றத்துக்குத் திருப்பி அனுப்பினார். நீதித்துறைச் சீர்திருத்தச் சட்டத்தையும் 2004 டிசம்பரில் அவ்வாறே திருப்பி அனுப்பினார்.

2005 பிப்ரவரியில் சியாம்பி இந்தியாவுக்கு அரசுமுறைப் பயணம் மேற்கொண்டார். அப்போது இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்தவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் ஆவார். ஐரோப்பிய ஒற்றுமைக்கு ஆற்றிய பணிக்காக அதே ஆண்டு ஜெர்மனியின் ஆகன் நகரம் வழங்கும் சார்லமேன் பரிசு இவருக்கு அளிக்கப்பட்டது.

2006 இல் இரண்டாம் முறை பதவியேற்குமாறு பல கட்சிகள் வேண்டின. ஏழாண்டுப் பதவிக் காலமே நீண்டது என்றும், அதை மீண்டும் நீட்டிப்பது குடியரசு முறைக்குப் பொருந்தாது என்றும் கருதிய சியாம்பி அதனை மறுத்தார். ஜார்ஜோ நப்போலித்தானோ இவருக்குப் பின் பதவியேற்றார்.

இறுதிக் காலம்

பதவி விலகிய பின், முன்னாள் குடியரசுத் தலைவர் என்ற முறையில் வாழ்நாள் மேலவை உறுப்பினராக இருந்தார். செப்டம்பர் 16, 2016 அன்று உரோமில் தமது 95 ஆவது வயதில் காலமானார்.

மதிப்பீடு

சியாம்பியை மதிப்பவர்கள், அரசு நிறுவனங்கள் மீது மக்கள் நம்பிக்கை இழந்திருந்த காலத்தில் அந்நம்பிக்கையை மீட்டவர் என்று இவரைக் குறிப்பிடுவர். ஊதிய உடன்பாட்டில் தொழிற்சங்கங்களை எதிரிகளாகக் கருதாமல் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது இவரது சிறப்பாகக் கூறப்படுகின்றது.

குறை கூறுவோர் மூன்று கருத்துக்களை முன்வைக்கின்றனர். முதலாவது, 1981 ஆம் ஆண்டின் "மணமுறிவு" பொதுக்கடனைப் பெருக்கியது என்பதாகும். இரண்டாவது, யூரோவில் சேர்ந்தபின் இத்தாலியின் பொருளாதார வளர்ச்சி மந்தமாயிற்று. நாணய மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைப் பெருக்கும் வழியும் அடைபட்டது. இதற்கு மறுமொழியாக, யூரோவினால் குறைந்த வட்டியைக் கடனை அடைக்கப் பயன்படுத்தாதது பின்வந்த அரசுகளின் தவறு என்று சியாம்பியின் ஆதரவாளர்கள் கூறுகின்றனர். மூன்றாவது கருத்து அரசியல் முறை பற்றியது. மக்களால் தேர்ந்தெடுக்கப்படாத வல்லுநர் ஒருவர் ஆட்சி செய்வது சனநாயகத்துக்கு ஏற்றதா என்பதே அவ்வினா. சியாம்பியின் அரசு நாடாளுமன்றத்தின் நம்பிக்கையைப் பெற்றே ஆண்டது. புதிய தேர்தல் முறையை உருவாக்கித் தேர்தலுக்கு வழிவிட்டு விலகியது. எனினும் அது தோற்றுவித்த முன்மாதிரி இத்தாலியில் பின்னரும் பின்பற்றப்பட்டது.

வங்கியிலிருந்து அரசியலுக்கு வந்த பிற இத்தாலியர்

- லூயிஜி எய்னாவுதி: 1945 முதல் 1948 வரை இத்தாலிய வங்கியின் ஆளுநர், 1948 முதல் 1955 வரை குடியரசுத் தலைவர்.
- லம்பெர்த்தோ தீனி: சியாம்பி ஆளுநராக இருந்தபோது வங்கியின் பணிப்பாளர் நாயகம், 1995–1996 இல் பிரதமர்.
- மாரியோ திராகி: சியாம்பி அமைச்சராக இருந்தபோது கருவூலத்தின் பணிப்பாளர் நாயகம், பின்னர் இத்தாலிய வங்கியின் ஆளுநர் (2005–2011), ஐரோப்பிய மைய வங்கியின் தலைவர் (2011–2019), 2021–2022 இல் பிரதமர்.

இவர்களுள் மைய வங்கி ஆளுநர், பிரதமர், குடியரசுத் தலைவர் ஆகிய மூன்று பதவிகளையும் வகித்தவர் சியாம்பி ஒருவரே ஆவார்.